நீக்கிலாப்பிள்ளையின் தலை

நீக்கிலாப்பிள்ளைக்குப் பாடும்போது தலை ஆடும். மட்டக்களப்பில் ஒரு கடலோரக் கோவிலில் இருபத்தாறு வருஷம் பாடகர் குழுவை நடத்தியவர் அவர். ராகம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ தலையும் அந்தப் பக்கம் திரும்பும். முன்வரிசைப் பிள்ளைகள் அவரைப் பார்த்துத் தாங்களும் ஆட்ட, தாய்மார் தொடையில் கிள்ளுவார்கள். 1986 வசந்தத்தில், ஐம்பத்திரண்டு வயதில், மனைவி கிளியோடு மொன்றியலில் அகதியாக வந்து இறங்கியபோது ஒரு பெட்டியும் பழைய வேதாகமம் ஒன்றும்தான் கையில் இருந்தன. தலையாட்டமும் கூடவே வந்துவிட்டது. அதற்கு யாரும் விசா கேட்கவில்லை.

வந்த புதிதில் அவருக்கு ராஜமரியாதை. செயின்ட் மிஷேலில் ஒரு பிரெஞ்சுக் கோவிலின் நிலவறையில், ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் ஆட்களுக்குப் பூசை நடக்கும். பூசை வைக்கிற கிழட்டுக் கியூபெக் சாமிக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. வாசகமும் பாட்டும் மட்டும் தமிழில். அதுவரை வாசகத்துக்குப் பிறகு வரும் பதிலுரைப்பாடலை யாரோ ஒரு பெண் பலசரக்குப் பட்டியலைப்போல வாசித்துக்கொண்டிருந்தாள். நீக்கிலாப்பிள்ளை முதல் ஞாயிறு அதைப் பாடியபோது, தையல் தொழிற்சாலையிலும் ஹோட்டல் குசினியிலும் கிடந்து நொந்த சனம் வாய்விட்டு அழுதது. "அண்ணன், இண்டைக்கு எங்கட வீட்ட சாப்பாடு" என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளி உலை வைக்கவில்லை.

ஐப்பசியில் ஊரிலிருந்து புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். பூசை முடிந்து கோப்பி குடிக்கிற நேரத்தில், அவர் துறையடிச் சம்பவத்தைப் பற்றிக் கதையை எடுத்தார். போன வருஷம் ஒரு விடியற்காலையில், படகுக்கு நின்ற ஆம்பிளைகளை ஆமி சுற்றி வளைத்த கதை அது.

தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் ஆமி ஆட்களைப் பிடித்து வரிசையில் நிறுத்தும். முன்னால் ஒரு கதிரையில், தலையில் சாக்கு மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வெட்டிய ஒருவன் இருப்பான். ஒவ்வொருவரையும் அவன் முன் கொண்டுபோய் நிறுத்துவார்கள். சாக்கு மேலும் கீழும் ஆடினால் அந்த ஆள் டிரக்கில் ஏற வேண்டும். ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சாக்குக்குள் இருப்பவன் நம்மவன்தான், அடித்துப் பணிய வைத்தவனாகவோ விலைக்கு வாங்கியவனாகவோ இருப்பான். அவனுக்குச் சனம் வைத்த பேர் தலையாட்டி. அதைவிடக் கேவலமான சொல் எங்கள் பக்கத்தில் அப்போது இருக்கவில்லை.

"பதினொரு பேரைப் பிடிச்சவங்க. பத்துப் பேர் போன போக்குத்தான். திரும்பி வந்தது ஒரே ஒரு ஆள்" என்றார் வந்தவர். "நம்மட நீக்கிலா அண்ணன்."

கோப்பிக் கோப்பைகள் ஒவ்வொன்றாக மேசையில் இறங்கின. ஒரு இளந்தாரி பகிடியாகச் சொன்னான்: "பாடக்குள்ள அந்தத் தலையைப் பாத்திருக்கிறீங்கதானே? நல்லாப் பழகின தலை!" எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு அந்தச் சிரிப்பு இல்லை. பகிடி மட்டும் உண்மையாகி, கதிரை போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தது.

சபைச் செயலாளர் எமிலியானுஸிடம் சனம் கேட்டது. அவரும் அதே ஊர், நீக்கிலாப்பிள்ளையைவிடப் பத்து வயது இளையவர், ஒரு வருஷம் முந்தி வந்தவர், பிரெஞ்சும் கொஞ்சம் கதைப்பார். அவர் மனைவி அக்னெஸின் ஒரே தம்பி பற்றிக்கை அந்த டிரக்கில்தான் கொண்டுபோனார்கள். பத்தொன்பது வயதுப் பெடியன், இன்றுவரை தகவல் இல்லை. ஆகவே எமிலியானுஸ் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது.

எமிலியானுஸ் கோப்பியை ஆற்றினார். "அண்டைக்கு நான் ஊரிலேயே இல்லை, வாகரையில நிண்டன். எனக்கு என்ன தெரியும்? கடவுளுக்குத்தான் தெரியும்."

அவ்வளவுதான். கடவுளுக்குத்தான் தெரியும் என்று நம்மவர் சொன்னால், எனக்கும் தெரியும் ஆனால் சொல்ல மாட்டேன் என்று பொருள். நிலவறை அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஒருவர்கூட அவரிடம் நேரே வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் ஒரு பதில் சொல்ல இடம் கிடைத்திருக்கும். பாடுவதை நிறுத்தச் சொல்லவும் இல்லை, ஏனென்றால் வேறு ஆள் இல்லை. பாட்டு வேண்டும், பாடுகிறவர் வேண்டாம். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில் அவரைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் மற்றப் பக்கம் திரும்புவார்கள். மெட்ரோ மேடையில் அவரைக் கண்டால் அடுத்த பெட்டிக்கு நடப்பார்கள். கிளி வேலை செய்த தையல் தொழிற்சாலையில் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள்.

கிளி லேசுப்பட்டவள் இல்லை. ஒருநாள் வேலையால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"இஞ்சேருங்க, எத்தின நாளைக்கு இப்பிடி? அண்டைக்கு ரெண்டு பேர் வந்தீங்கதானே? சொல்லுங்களன்!"

"வாக்குக் குடுத்திட்டன் கிளி."

"அந்த ஆள் உங்களைக் காப்பாத்தினாரா? உங்களைக் கொண்டுபோய் நடுச்சந்தியில நிறுத்திப்போட்டு, தான் நல்ல பிள்ளை மாதிரி ஆசனத்தில இரிக்கிறார்!"

உண்மை இதுதான். துறையடியில் பிடிபட்டவர்கள் பதினொரு பேர் அல்ல, பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது ஆள் எமிலியானுஸ். சாக்கு நீக்கிலாப்பிள்ளைக்கும் ஆடவில்லை, எமிலியானுஸுக்கும் ஆடவில்லை. ஏன் என்று சாக்குக்குள் இருந்தவனுக்குத்தான் தெரியும். பற்றிக்குக்கு ஆடியது. அவன் அதுவரை அக்காவின் புருஷனுடைய சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஆமிக்காரன் எமிலியானுஸைப் பார்த்துப் போ என்றதும், பெடியன் "அத்தான்! அத்தான்!" என்று கத்தினான். எமிலியானுஸ் திரும்பிப் பார்க்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை பின்னால் நடந்து வந்துகொண்டிருந்ததால், அந்த மனிதன் திரும்பாததை அவர் பார்த்தார்.

சந்தி வளைவில் எமிலியானுஸ் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்னெஸ் அப்போது பிள்ளைப்பேறுக்குக் கொழும்பில் இருந்தாள். "அவளுக்கு மட்டும் தெரிய வேணாம் அண்ணன். நான் துறையடிக்கு வரவேயில்லை. வாகரையில நிண்டன்." நீக்கிலாப்பிள்ளை ஓம் என்றார். அன்றைக்கே எமிலியானுஸ் ஊரைவிட்டுப் போய்விட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் நீக்கிலாப்பிள்ளை தன் வாயாலேயே சொன்னார்: பிடிபட்டது பதினொரு பேர், வந்தது நான் ஒருவன்தான் என்று. அந்தப் பொய்யைத்தான் ஐப்பசியில் ஒருவர் கப்பல் விமானம் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கழுத்திலேயே மாலையாகப் போட்டார்.

அவருக்கு வேலை புவாண்ட்-கிளேரில், அலுவலகக் கட்டடங்களைக் கூட்டித் துடைப்பது. இரண்டு பஸ் மாற வேண்டும். போகிற வழியில் அவர் வேதாகமத்தைத் திறந்து சங்கீதங்களை, பதிலுரைப்பாடலாகத் தான் பாடுகிற அந்தப் பழைய பாட்டுகளை, வாசிக்கத் தொடங்கினார். இருபத்தாறு வருஷம் பாடியவர்தான். ஆனால் பாடுகிறவன் ராகத்தைப் பார்ப்பான், சொல்லை யார் பார்ப்பது? இப்போதுதான் சொல் கண்ணில் பட்டது. அவற்றை எழுதிய யூதப் புலவன் மூச்சுக்கு மூச்சு வெட்கம், நிந்தை, இகழ்ச்சி என்று புலம்புகிறான். சிநேகிதர்கள் எட்ட நின்று பார்க்கிறார்கள் என்கிறான். தெருவில் கண்டவர்கள் விலகி ஓடுகிறார்கள் என்கிறான். ஊர்வாசலில் குந்தியிருப்பவர்களுக்குத் தன்னைப் பற்றித்தான் பேச்சு, வெறிகாரர் தன்னை வைத்துப் பாட்டுக் கட்டுகிறார்கள் என்கிறான். பார்க்கிறவர்கள் எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள் என்றும் சொல்கிறான். அந்த இடத்தில் நீக்கிலாப்பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அழுக்குப் பனி குவிந்த நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின மனிதன், மொன்றியல் மெட்ரோவில் ஏறி இறங்கியவன்போல எழுதியிருக்கிறான்.

பங்குனி முழுக்க அவர் இதையே நினைத்துக்கொண்டு தரை துடைத்தார். இத்தனை நாளும் வெட்கம் என்றால் பாவம் செய்தவன் உள்ளுக்குள் படுகிற பாடு என்றுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்தப் புலவனிடம் அது வேறாக இருந்தது. இங்கே வெட்கம் நெஞ்சுக்குள் இல்லை, மற்றவர்களுடைய கண்ணில் இருந்தது. குற்றமே செய்யாதவன்மேலும் அது விழும். விழுந்த பிறகு அவன் எவ்வளவு நல்லவன் என்பது யாருக்கும் தேவையில்லை. அதனால்தான் புலவன் என்னை மன்னித்துவிடு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, எல்லாருக்கும் முன்னால் என்னை நிமிர்த்து என்று சண்டை பிடிக்கிறான். இன்னொன்றையும் அவர் கண்டார். அவன் தன் வெட்கத்தை இல்லாமல் ஆக்கு என்று கேட்பதே இல்லை. என்னைப் பழித்தவனுக்கு அதை உடுத்திவிடு என்கிறான். ஒரே ஒரு சட்டைதான் இருக்கிறதுபோல. யாராவது ஒருவர் அதைப் போட்டுக்கொண்டே ஆக வேண்டும்.

ஏப்ரலில் குருத்தோலை ஞாயிறு வந்தது. அன்றைக்குப் பாட வேண்டிய பதிலுரைப்பாடலை எமிலியானுஸ் வழக்கம்போலத் தாளில் எழுதி, வேறொரு ஆளின் கையில் கொடுத்து அனுப்பினார். தலையாட்டுகிறவர்களைப் பற்றிய அதே சங்கீதம். வருஷா வருஷம் அந்த ஞாயிறுக்கு அதுதான் வரும். நீக்கிலாப்பிள்ளை தாளையும் வேதாகமத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூசைக்குத் தெரிந்தெடுத்ததில் சில வரிகள் இல்லை. புலவன் தன்னை மனிதக் கணக்கிலேயே சேர்க்காமல், காலுக்குக் கீழே நெளிகிற பூச்சி என்று சொல்லிக்கொள்ளும் வரி இல்லை. வேறு சங்கீதங்களில் வரும் சாபங்கள், தன் விழுகையில் சந்தோஷப்பட்டவன் வெட்கத்தை உடுத்திக்கொள்ளட்டும் என்பவை, அவையும் எந்த ஞாயிறிலும் பாடக் கொடுத்ததில்லை. சனத்தின் மனம் நோகக்கூடாது என்று விட்டிருப்பார்கள்போல.

"நான் அதுகளையும் சேத்துப் பாடப்போறன்" என்றார் கிளியிடம். "அவர் முன்னுக்குத்தான் இருப்பார். கேக்கட்டும். வாக்கை நான் மீறேல்ல. அவராகவே எழும்பி நிண்டு, நானும் அண்டைக்குத் திரும்பி வந்தனான் எண்டு ஒரு வசனம் சொன்னாப் போதும். எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

"சொல்லுவாரா?"

"மனிசன்தானே கிளி."

கிளி அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

ஊரில் குருத்தோலை ஞாயிறு என்றால் பச்சைத் தென்னங்குருத்து மணக்கும். இங்கே மெல்லிய காய்ந்த ஓலைக் கீலங்களை எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள். நிலவறையில் கால் வைக்க இடமில்லை. முன்வரிசையில் எமிலியானுஸும் அக்னெஸும், நடுவில் அவர்களுடைய குழந்தையும். முதல் வாசகம் முடிந்ததும் நீக்கிலாப்பிள்ளை எழுந்துபோய் நின்றார்.

அன்றைக்குப் பாடியதுபோல அவர் மட்டக்களப்பிலும் பாடியதில்லை என்று கிளி பிறகு சொன்னாள். தாளிலிருந்ததை முதலில் பாடினார். ஒவ்வொரு கண்ணிக்கும் சனம், கடவுளே ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்கிற பல்லவியைத் திருப்பிப் பாடியது. பிறகு தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். தன்னைப் பூச்சி என்கிற வரியைப் பாடினார். சிநேகிதர் எட்ட நிற்பதைப் பாடினார். கூட உட்கார்ந்து சாப்பிட்டவனே தனக்கு எதிராகக் குதிகாலைத் தூக்கியதைப் பாடினார். கடைசியாகச் சாபத்துக்கு வந்தபோது அவர் கண் எமிலியானுஸின் முகத்திலேயே நின்றது. தலை இடமும் வலமும் ஆடியது, அதை அடக்க அவர் முயலவுமில்லை. பீடத்தில் கியூபெக் சாமி கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். சனம் ஒன்றையும் தவறவிடாமல் பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தது. எமிலியானுஸும் பாடினார். அவர் வாய் மட்டும் அசைந்தது.

யாரும் எழுந்து நிற்கவில்லை. ஆனால் விசும்பல் கேட்டது, முதலில் ஒரு மூலையில், பிறகு நாலைந்து இடத்தில். நீக்கிலாப்பிள்ளைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. விளங்கிவிட்டது என்று நினைத்தார். ஆறு மாதமாகச் சொல்ல முடியாததைச் சொல்லிவிட்டேன், சனத்துக்கு விளங்கிவிட்டது.

என்ன விளங்கியது என்பது சமாதானம் சொல்கிற நேரத்தில்தான் தெரிந்தது. பின்வரிசைக் கிழவர் ஒருவர் பக்கத்தவரிடம் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "கேட்டீங்களா? தான் மனிசனே இல்லை எண்டு தன்ட வாயாலேயே சொல்லிப்போட்டார். செஞ்ச பாவத்துக்கு எவ்வளவு மனஸ்தாபம் இருந்தா பூசையில நிண்டு சொல்லுவார்!"

எங்கள் ஊர்களில் முன்னொரு காலத்தில், பெரிய குற்றம் செய்தவனைப் பூசை நேரத்தில் எல்லாருக்கும் முன்னால் நிறுத்திப் பாவத்தை அறிக்கை செய்ய வைப்பார்கள். சனத்துக்கு அந்த ஞாபகம் இருந்தது, சங்கீதம் எழுதியவனின் வழக்கு தெரியாது. கேவலப்பட்டு நிற்பவன் குற்றமற்றவனாக இருப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை. அவர் நீதி கேட்டுப் பாடியதைப் பாவசங்கீர்த்தனம் என்று கேட்டு அழுதிருக்கிறார்கள்.

எமிலியானுஸ் எழுந்து வந்தார். நிலவறையே பார்த்துக்கொண்டிருக்க, நீக்கிலாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். "அண்ணன், நாங்க எல்லாரும் மன்னிச்சிட்டம்" என்றார் உரக்க. அடுத்த சொல் காதுக்குள் மட்டும் விழுந்தது. "அக்னெஸ் நிக்கிறா அண்ணன். பிள்ளை நிக்குது."

சனம் வரிசையில் வந்தது. ஆறு மாதம் திரும்பாத முகங்கள் எல்லாம் திரும்பின. கை கொடுத்தார்கள், முதுகில் தட்டினார்கள், இண்டைக்கு எங்கட வீட்ட சாப்பாடு என்றார்கள். மன்னிப்பதில் அவர்களுக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடைசியாக அக்னெஸ் வந்தாள். கையில் ஓலைக் கீலம் கசங்கிப் போயிருந்தது. அவள் கை கொடுக்கவில்லை. அவள் நின்றதும் மற்றவர்கள் சத்தத்தை நிறுத்தினார்கள்.

"அண்ணன், நான் ஒண்டு மட்டும் கேக்கிறன். சொன்னீங்களெண்டா எனக்கு நித்திரை வரும். ரெண்டு வருஷமா நான் ஒவ்வொரு முகமாப் பாத்துக்கொண்டு திரியிறன், இவனா அவனா எண்டு. பற்றிக்கைக் காட்டினது நீங்கதானா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். இல்லை என்றால் அவள் அடுத்ததைக் கேட்பாள்: அப்படியென்றால் அங்கே நடந்தது என்ன, யார் யார் நின்றீர்கள், என் தம்பி கடைசியாக யாரைக் கூப்பிட்டான்? கேட்டால் அவளிடம் கதை கட்டிச் சொல்ல அவருக்கு வராது. அவளுக்குப் பின்னால் எமிலியானுஸ் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். குழந்தை அவருடைய சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்தது. நீக்கிலாப்பிள்ளை அந்தச் சின்னக் கையைப் பார்த்தார். துறையடியில் அதே இடத்தில் பிடித்திருந்த இன்னொரு கையையும் அவர் பார்த்தவர்.

அவர் அக்னெஸைப் பார்த்து, மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினார்.

அக்னெஸ் நீளமாக மூச்சை விட்டாள். "சொன்னதுக்கு நன்றி" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கையிலிருந்த ஓலையை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். எமிலியானுஸ் அதற்குப் பிறகு அவர் பக்கம் பார்க்கவில்லை. சபை அடுத்த கிழமையே கூடி, மன்னித்தது மன்னித்ததுதான், ஆனாலும் இப்படிப்பட்ட ஒருவர் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று பாடுவது சரியில்லை என்று முடிவெடுத்தது. மறுபடியும் அந்தப் பெண் பலசரக்குப் பட்டியல் வாசித்தாள்.

அந்தக் குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும் கிளி அவருக்காகக் காத்திருக்காமல் படியேறிப் போய்விட்டாள். பஸ் தரிப்பில் அவர் வந்து பக்கத்தில் நின்றபோது, உருகிய பனித்தண்ணீர் ஓடுகிற தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இவ்வளவு நாளும் உங்களைத் தலையாட்டி எண்டு சனம் பொய்தான் சொன்னது. இண்டைக்குத்தான் நீங்க ஆட்டினீங்க. அதுவும் உங்களையே காட்டிக் குடுத்து."

அவர் பஸ் வரும் பக்கம் பார்த்தார். ஓலை இன்னும் கையில் இருந்தது.

"கேக்கிறது விளங்குதா உங்களுக்கு?"

நீக்கிலாப்பிள்ளை அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.